கொள்ளிக்கு முன் எடுத்த குளிசைகள்

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைக்க வேண்டும். அப்பாவுக்கு அண்ணா வைத்தார். அம்மாவுக்கு வைக்க வேண்டியவன் நான். வைக்கிறவன் தலையில் தண்ணீர் வார்த்து, வேட்டி கட்டி, சால்வையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, மேலுடம்பு வெறுமையாக நிற்க வேண்டும். முற்றத்துப் பந்தலில் கிரியை ஒன்றரை மணித்தியாலம். பிறகு சுடலை வரைக்கும் நடை. சுடலையில் தோளில் குடத்தோடு மூன்று சுற்று. இப்போது எல்லாச் செத்தவீட்டிலும் கமெரா நிற்கிறது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் அங்கிருந்தபடியே கைத்தொலைபேசியில் பார்க்கின்றன.

அம்மாவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்று ஆடி மாதத்தில் சொன்னார்கள். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என் நெஞ்சின் இரண்டு பக்கமும் முலை வளர்ந்து ஒன்பது மாதமாகியிருந்தது. வேறு சொல் தேடிப் பார்த்தேன். டொக்டர்மார் அதற்கு ஒரு நீளமான பெயர் சொல்கிறார்கள். ஆனால் குளியலறைக் கண்ணாடியில் தெரிந்தது முலைதான்.

அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முந்திய ஆண்டு கொழும்பில் என் மூளையின் அடியிலிருந்து கச்சான் பருப்பளவு கட்டி ஒன்றை மூக்கு வழியாக எடுத்தார்கள். கட்டி புற்று அல்ல. ஆனால் அதோடு என் உடம்பு ஆண் ஹோர்மோன் சுரப்பதை நிறுத்திவிட்டது. துறைமுகக் கந்தோரில் கப்பல்கள் வந்த நேரமும் போன நேரமும் பதிகிற இலிகிதர் நான். எனது மேசை இரண்டாம் மாடியில். முப்பத்துநான்கு படி. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்தப் படிகளில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. தாடி கிழமைக்கு ஒருமுறை வழித்தால் போதும் என்றாகிவிட்டது. மனைவிக்கு அருகில் படுப்பது ஒரு மரக்கட்டைக்கு அருகில் இன்னொரு மரக்கட்டை படுப்பதைப் போல இருந்தது.

மூன்று கிழமைக்கு ஒரு ஊசி போடத் தொடங்கினார்கள். தடித்த எண்ணெய் மருந்து. கிளினிக் தாதி குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கிவிட்டு, ஒருமுறை இடது பக்கமும் மறுமுறை வலது பக்கமுமாகப் போடுவார். இரண்டு மாதத்தில் படிகளில் நில்லாமல் ஏறினேன். தினமும் முகம் வழித்தேன். “பழைய ஆளைத் திருப்பி அனுப்பியிட்டாங்கள்” என்று மனைவி சொன்னாள். அந்த இரண்டு மாதமும் நல்ல மாதங்கள்.

நான்காவது ஊசி போட்டு மூன்றாம் நாள், இடது முலைக்காம்பில் சட்டை உரசியபோது கொதித்தது. கிழமை முடிய வலதும் தொடங்கியது. காம்பின் அடியில் ஐந்து ரூபாய் நாணயக் குத்தியளவு கட்டியொன்று விரலுக்குத் தட்டுப்பட்டது. முச்சக்கரவண்டி குழியில் விழும்போதெல்லாம் கையை நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொள்வேன். கணுக்கால் வீங்கி, மாலையில் செருப்பு வார் தோலில் பதிந்து கிடந்தது. இன்னொன்றும் இருந்தது. ஒருநாள் கோதுமைக் கப்பல் ஒன்று புறப்பட்ட நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கையில் கண் நிறைந்து வழிந்தது. காரணம் ஒன்றும் இல்லை. தூசி என்று சொல்லி முகம் கழுவப் போனேன்.

ஊசி போட்ட இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை இவை கூடும். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு குறையும். பதினெட்டில் களைப்பு வரும். இருபத்தோராம் நாள் அடுத்த ஊசி. இந்த ஒழுங்கை நான் எழுதியே வைத்திருந்தேன். எழுதி வைத்தேனே தவிர டொக்டரிடம் சொல்லவில்லை. அவர் பெண். என்னை விடப் பத்து வயது குறைந்தவர். ஒவ்வொரு முறையும் “வேற ஏதும் கரைச்சல் இருக்கா?” என்று கேட்பார். கணுக்காலை மட்டும் காட்டிவிட்டு வருவேன். அப்படி எட்டு மாதம் போனது. இந்தக் கதையில் நான் செய்த முதல் பிழை அதுதான்.

கோயிலுக்கு உள்ளே போவதையும் விட்டுவிட்டேன். எங்கள் கோயிலுக்குள் ஆண்கள் சட்டை கழற்றித்தான் போக வேண்டும். நான் தீட்டுக்காரனைப் போல வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். வாசலில் கற்பூரம் விற்கிறவர் ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்:

“என்ன ஐயா, உங்களுக்கு மட்டும் வருசம் முழுக்கத் துடக்கோ?”

“கால் ஏலாது, அண்ணை.”

“காலாலயோ கும்பிடுறனீங்கள்?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வெள்ளி போகவில்லை.

மனைவிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. வெயில் காலத்திலும் சட்டைக்குள் இரண்டு பனியன் போடுகிறவனின் உடுப்பைத் தோய்ப்பவள் அவள்தானே. அம்மாவின் சிறுநீரகச் செய்தி வருவதற்கு ஒரு மாதம் முன், ஆனியில், ஒரு ஞாயிறு காலை அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டாள்:

“இஞ்சாருங்கோ, நீங்கள் டொக்டரிட்டச் சொன்னனீங்களோ, இல்லையோ?”

“எதை?”

“எதையோ! ரெண்டு பனியனுக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறதை.”

“சொல்லுவம்.”

“ஊசி போடேக்க கீழ கழட்டுறதுக்கு வெக்கமில்லை. மேல கழட்டத்தான் வெக்கம்.”

அந்த மாதம் அவளும் கிளினிக்குக்கு வந்தாள். அவள்தான் சொன்னாள். டொக்டர் திரையை இழுத்துவிட்டு, இரண்டு விரல்களால் அமர்த்திப் பார்த்தார். நான் கூரைக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது எத்தின நாளா?”

“எட்டு மாசம்.”

“எட்டு மாசமா! நான் மாசா மாசம் கேட்டன்தானே. இதைச் சொல்றதுக்கு என்ன?”

அவர் ஒரு தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். ஊசியில் வருகிற ஆண் ஹோர்மோனில் ஒரு பங்கை உடம்பின் கொழுப்பு பெண் ஹோர்மோனாக மாற்றிவிடுகிறது. கொழுப்புக் கூடினால் மாற்றமும் கூடும். நான் தொண்ணூற்று மூன்று கிலோ இருந்தேன். மூன்று கிழமை மருந்தை ஒரேயடியாகப் போடும்போது முதல் கிழமை அளவு மிக உயர்ந்துவிடுகிறது. அந்தக் கிழமைதான் முலையும் கணுக்காலும் அழுகையும்.

“ஊசிய நிப்பாட்ட ஏலாது. பாதியாக் குறைச்சு, பத்து நாளைக்கு ஒருக்காப் போடுவம். அப்ப ஏத்த இறக்கம் குறையும். நீங்க எடையக் குறைக்கணும். இரத்தத்தில பெண் ஹோர்மோன் எவ்வளவு எண்டு பாத்துட்டுத்தான் குளிச தாறதா இல்லயா எண்டு சொல்லுவன்.”

இரத்தம் கொழும்புக்குப் போய் ஆறாம் நாள் முடிவு வந்தது. இருக்க வேண்டிய மேல் எல்லையைத் தாண்டியிருந்தது. பெண் ஹோர்மோனாக மாறுவதைத் தடுக்கிற குளிசையொன்று எழுதினார். அரைக் குளிசை, கிழமைக்கு இரண்டு முறை, திங்களும் வியாழனும். ஆறு கிழமைக்குப் பிறகு திரும்ப இரத்தம். “கூடுதலா எடுத்தா கெதியாச் சுகம் வரும் எண்டு நினைக்காதீங்க” என்றும் சொன்னார். அதையும் அன்றைக்கே எழுதி வைத்தேன்.

அந்தக் குளிசை மார்புப் புற்றுநோய் வந்த பெண்களுக்குக் கொடுப்பது. மருந்துக்கடைக்காரர் மூதூர்க்காரர், முஸ்லிம். முப்பது வருசப் பழக்கம். துண்டை வாசித்துவிட்டு அவர் முகம் இறங்கிப்போனது.

“ஊட்டுக்காரிக்கா?” என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று சொன்னேனோ இல்லையோ, தலையை ஆட்டினேன்.

“பயப்புடாதீங்க. இப்பெல்லாம் நல்ல மருந்து வந்திருக்கு. நான் துவா செய்றன்.”

வீட்டுக்கு வந்து இதை மனைவியிடம் சொன்னேன். அவள் குளிசைப் பையை வாங்கிப் பார்த்தாள். பிறகு, “எனக்கு வராமல் இருக்கோணுமெண்டு துவா செய்யச் சொல்லியிருக்கலாமே” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

இதற்குப் பிறகுதான் அம்மாவின் செய்தி. எழுபத்தொன்பது வயது. இரத்தம் சுத்திகரிக்கிற இயந்திரத்துக்கு அவர் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டார். “ரெண்டு மாசம், கூடினால் மூண்டு” என்றார் வாட்டு டொக்டர். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, முன் அறையில் யன்னலோரம் கட்டில் போட்டோம். அங்கிருந்து உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும்.

ஒருநாள் பின்னேரம் நான் அவரைத் தூக்கி இருத்திச் சோறு தீத்தினேன். அவருடைய தலை என் நெஞ்சில் சாய்ந்து இடது பக்கத்தை அமர்த்தியது. மூச்சைப் பிடித்தேன்.

“என்னடா, நோகுதோ?”

“இல்லையம்மா.”

“எங்க நோகுது?”

“ஒண்டுமில்லை. வாயைத் திறவுங்கோ.”

இரண்டு வாய் வாங்கினார். மூன்றாவதைக் கையால் தடுத்தார்.

“கொண்ணன் கனடாவிலயிருந்து வரமாட்டான். நெஞ்சில கம்பி வைச்ச ஆள். நீதான் வைக்கோணும்.”

“இப்ப ஏனம்மா அந்தக் கதை?”

“பிறகு ஆரோட கதைக்கிறது? நீதான்ரா என்ர கடைசி. நீ வைப்பாய்தானே?”

“ஓம் அம்மா.”

“ஓம் எண்டு என்ர முகத்தைப் பாத்துச் சொல்லு.”

பார்த்துச் சொன்னேன்.

அந்த இரவு கனடாவுக்கு அண்ணாவை அழைத்தேன். ஒரு கிழமை வந்து நின்றுவிட்டுப் போகலாமே, அம்மாவைப் பார்த்ததாகவும் இருக்கும், மற்றதையும் நீங்களே செய்யலாம் என்றேன்.

“உனக்கென்ன விசரே? தாய்க்கு இளையவன்தானேடா. டொக்டர் என்னைப் பிளேனில ஏறவிடமாட்டார். நீ ஒழுங்கா நிண்டு செய். கமெராக்காரனுக்குச் சொல்லி லைவ் போடச் சொல்லு, நாங்கள் எல்லாரும் இஞ்ச இருந்து பாப்பம்.”

எல்லாரும் என்றால் எத்தனை பேர் என்று கேட்டேன். அறுபது எழுபது பேர் வரும் என்றார்.

அன்றைக்குப் பிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். டொக்டர் சொன்ன ஒழுங்கில் போனால் முலை வற்ற மூன்று நான்கு மாதம் எடுக்கலாம். அம்மாவுக்கு இருப்பது இரண்டு மாதம். இரண்டும் பொருந்தவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் நடந்தது இதுதான்: தாயின் நாட்களை ஒரு பக்கமும் என் சதையின் அளவை மறுபக்கமும் வைத்துப் பார்த்தேன். அம்மா ஒரு நேரச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டால் எனக்கு ஒரு நாள் கிடைத்ததாக நினைத்தேன்.

அரைக் குளிசையை முழுக் குளிசையாக்கினேன். கிழமைக்கு இரண்டு என்பதைத் தினமும் என்றாக்கினேன். மூதூர்க்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துத் தந்தார். பெண்கள் அதைத் தினமும் ஒன்று எடுப்பதுதான் முறை. ஞாயிறு காலைகளில், மனைவி சந்தைக்குப் போன பிறகு, அவளுடைய தையல் நாடாவால் நெஞ்சை அளந்தேன். முதல் கிழமை நூற்றியாறு சென்ரிமீற்றர். மூன்றாம் கிழமை நூற்றைந்து. ஐந்தாம் கிழமை நூற்றுநான்கரை. சோற்றையும் பாதியாகக் குறைத்திருந்தேன், அளவு குறைந்தது அதனால்தான். நோவு போய்விட்டது. கணுக்கால் வற்றிவிட்டது. ஆனால் விரலுக்குத் தட்டுப்பட்ட கட்டி அப்படியே இருந்தது. முன்பை விட இறுக்கமாகவும் இருந்தது.

நான்காம் கிழமையிலிருந்து வேறு கரைச்சல் தொடங்கியது. காலையில் விரல்களை மடக்க ஏலாது. முப்பத்துநான்கு படியிலும் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் கத்தியது. கந்தோர்க் கதிரையிலிருந்து எழும்ப மேசையைப் பிடிக்க வேண்டியிருந்தது. “என்ன, ஒப்பரேசனுக்குப் பிறகு நீங்கள் நேரா எழுபதுக்குப் போயிட்டீங்களோ?” என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். மற்றது, எனக்கு ஒன்றுமே மனதில் படவில்லை. அம்மா வலியில் முனகினால் எழுந்து போய் மருந்து கொடுப்பேன். பனடோல் இரண்டு, நேரம் இன்னது என்று குறித்தும் வைப்பேன். மருந்து கொடுத்தவன் நான்தான், ஆனால் யாரோ கொடுப்பதை அறையின் மூலையில் நின்று பார்த்ததைப் போல இருந்தது. ஆறாம் கிழமை இரத்தம் எடுக்கக் கொடுத்த நாளில் நான் போகவில்லை. போனால் பிடிபட்டுவிடுவேன்.

மனைவிக்கு நான் தினமும் எடுப்பது தெரியாது. ஆனால் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பது தெரியும்.

“உங்கட நெஞ்சைப் பார்க்கவோ சனம் செத்தவீட்டுக்கு வருது?” என்றாள் ஒருநாள்.

“கமெரா பார்க்கும்.”

“கமெரா மாமியின்ர முகத்தைப் பார்க்கும்.”

“அண்ணா வீட்டில எழுபது பேர் பார்க்கப் போயினம்.”

“பார்க்கட்டும். எழுபது பேரிலயும் தொந்தியில்லாதவன் எத்தினை பேர், நெஞ்சு தொங்காதவன் எத்தினை பேர்?”

அவள் சொன்னது சரிதான். அது எனக்கு அப்போதும் விளங்கியது. விளங்கியதால் ஒன்றும் மாறவில்லை.

அம்மா புரட்டாதியில், ஒரு புதன்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு இறந்தார். வாயில் தண்ணீர் விட்டது மனைவி. நான் கையைப் பிடித்திருந்தேன். நாடி நின்றதும் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. கோதுமைக் கப்பலுக்கு வந்த கண்ணீர் அம்மாவுக்கு வரவில்லை.

மறுநாள் ஒரு மணிக்குக் கிரியை. கிளிவெட்டியில் வயல் செய்கிற மருமகன் முதல் நாள் இரவே வந்துவிட்டான். இறந்துபோன என் அக்காவின் ஒரே மகன். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பந்தல் கட்டியதும் கதிரை இறக்கியதும் பறைக்குச் சொன்னதும் அவன்தான். காலையில் சட்டையில்லாமல் முற்றத்தில் நின்று குருக்களுக்கு வாழைத்தண்டு வெட்டிக்கொண்டிருந்தான். வெயிலில் கறுத்து, விலா எலும்பு எண்ணக்கூடிய உடம்பு. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணிக்குக் குருக்கள் என்னைத் தண்ணீர் வார்க்க அழைத்தார். வீட்டின் பின்பக்கம் கிணற்றடிக்குப் போனேன். மருமகன் வாளியில் தண்ணீர் அள்ளி வைத்தான். மனைவி புது வேட்டியையும் சால்வையையும் கையில் ஏந்திக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றாள். நான் செய்யத்தான் போனேன். அதை இங்கே எழுதாமல் விட ஏலாது. செய்வேன் என்றுதான் நினைத்தேன். மேல் பொத்தானைக் கழற்றினேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் கழற்றினேன். அப்போது கமெராக்காரர் வீட்டு மூலையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

“அண்ணை, நீங்கள்தானே கொள்ளி? கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கோ, வெளிச்சம் வடிவா விழும். கனடாவில லைன் வந்திட்டுது.”

அவருடைய கையிலிருந்த தொலைபேசிக்குள்ளிருந்து அண்ணாவின் குரல் கேட்டது. “தம்பி, தெரியுது, தெரியுது. வடிவாத் தெரியுது.”

நான் கிணற்றுக்கட்டைப் பிடித்தேன்.

“தலை சுத்துது” என்றேன்.

தலை சுற்றவில்லை. முழங்கால் இரண்டும் உண்மையாகவே வலித்தன, ஆகையால் நான் கட்டைப் பிடித்து அமர்ந்த விதத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. “ஒப்பரேசன் செய்த தலை”, “பச்சைத் தண்ணி வார்க்கக்கூடாது”, “கதிரையைக் கொண்டுவாங்கோ” என்று குரல்கள் வந்தன. யாரோ விசிறினார்கள். தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்தார்கள். என் வாழ்நாளில் நான் சொன்ன எதையும் சனம் இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை.

குருக்கள் வந்து பார்த்தார். நேரம் போகிறது என்றார். “மகளின்ர மகன் வைக்கலாம். சாத்திரத்தில அதுக்கு ஒரு குறையும் இல்லை.”

மருமகன் என் முன்னால் குந்தினான். “மாமா, கொஞ்சம் இருந்து பாருங்கோ. பத்து நிமிசம் நிப்பம். அம்மம்மா உங்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவா.”

“நீ வை” என்றேன்.

“மாமா…”

“எனக்கு ஏலாது. நீ வை.”

மனைவி வேட்டியையும் சால்வையையும் அவனிடம் கொடுத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. நான் மூன்று பொத்தான்களையும் பூட்டினேன். அப்போது நேரம் ஒன்று இருபத்தைந்து.

சுடலைக்குப் போனேன். முதல் வரிசையில் இல்லை, ஆறாவது ஏழாவது ஆளாக. மருமகன் குடத்தோடு சுற்றியபோது சுற்றுக்கொரு ஓட்டை கொத்தினார்கள். தண்ணீர் அவனுடைய முதுகில் வழிந்தது. அவன் விம்மி விம்மி அழுதான். மாலை வீட்டில் மனைவி எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். “மாமி கேட்டவா. நீங்கள் ஓம் எண்டனீங்கள்” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி இன்றுவரை அவள் பேசியதில்லை.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடிந்த கிழமை கிளினிக்குக்குப் போனேன். தனியாகப் போனேன். தினமும் முழுக் குளிசை எடுத்ததைச் சொன்னேன். டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

“எத்தின நாள்?”

“அறுபத்தொன்று.”

“எண்ணி வச்சிருக்கீங்க!”

இரத்த முடிவு வந்தபோது பெண் ஹோர்மோன் அளக்க முடியாத அளவுக்குக் கீழே போயிருந்தது. ஆம்பிளைக்கும் அது கொஞ்சம் வேண்டும் என்றார். எலும்பு நிற்பதும் மூட்டு நோகாமல் இருப்பதும் அதில்தான். குளிசையை முழுக்க நிறுத்தச் சொன்னார். பத்து நாள் ஊசியே இனிப் போதும் என்றார். எலும்பைப் படம் பிடிக்க ஒரு துண்டு எழுதினார். பிறகு திரையை இழுத்து நெஞ்சை அமர்த்திப் பார்த்தார்.

“இது இப்ப நார் மாதிரி இறுகிட்டு. முதல் மாசங்கள்ல சொல்லியிருந்தா மருந்தில கரைஞ்சிருக்கும். இனி எத்தின குளிச எடுத்தாலும் போகாது. வேணுமெண்டா வெட்டித்தான் எடுக்கணும்.”

அறுபத்தொரு குளிசையும் எதற்கும் உதவவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அம்மா செத்தபோது எனக்கு அழுகை வராததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன்.

“இருக்கலாம். ஆனா எல்லாத்தையும் ஹோர்மோன்ட தலையில போடாதீங்க” என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. முன்பு எங்கள் ஆட்கள் கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் செய்வார்கள். இப்போது பலர் கடற்கரையிலேயே முடித்துவிடுகிறார்கள். நாங்களும் கடற்கரைக்கே போனோம். இரண்டு வானில் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். கமெரா இல்லை. மருமகன் கிளிவெட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, மொட்டை அடித்து, தர்ப்பையோடு குருக்களுக்கு முன்னால் இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் குருக்கள் நிமிர்ந்து, “பிள்ளையள் ஆரும் நிண்டா சட்டையைக் கழட்டிப்போட்டு வாங்கோ, எள்ளுந் தண்ணியும் இறைக்கலாம்” என்றார்.

பிள்ளை என்று அங்கே நின்றது நான் ஒருவன்தான். மனைவி என்னைப் பார்த்தாள். நான் சட்டையைக் கழற்றினேன். இரண்டு பனியனையும் கழற்றி, மடித்து, அவளுடைய கையில் கொடுத்தேன். காற்று நெஞ்சில் பட்டது. ஒரு ஆண்டுக்குப் பிறகு வெளிக்காற்று அங்கே பட்டது.

சித்தப்பா முறையான கிழவர் ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: “என்னடாப்பா, உனக்கு ஒப்பரேசன் செய்தது தலையிலயோ, நெஞ்சிலயோ?”

மூன்று நான்கு பேர் சிரித்தார்கள். ஒருவர், “சும்மா இரப்பு, மருந்து குடிக்கிற உடம்பு” என்று அவரை அடக்கினார். கிழவர் அடுத்த நிமிடம் தேத்தண்ணிப் போத்தல் எந்த வானில் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் என் நெஞ்சைப் பார்க்கவில்லை.

குருக்கள் என் கையில் எள்ளை வைத்துத் தண்ணீர் வார்த்தார். மூன்று முறை இறைத்தேன். முன்னால் பிண்டம் வாழையிலையில் இருந்தது. நான் கையை நீட்டினேன்.

“அதைத் தொடாதேங்கோ. கொள்ளி வைச்சவர்தான் தொடோணும்.”

“இனி ஆட்டைத்திவசம்?” என்று கேட்டேன்.

“அதுவும் அவர்தான். ஆர் கொள்ளி வைச்சவரோ, அவர்தான் கடைசிவரைக்கும்.”

மருமகன் தலையைத் திருப்பினான். “யோசிக்காதேங்கோ மாமா. நான் ஒவ்வொரு வருசமும் வந்து செய்வன்” என்றான். மனதாரத்தான் சொன்னான்.

நான் இரண்டடி பின்னால் போய் நின்றேன். குருக்கள் பிண்டத்தின் மேல் பூவை வைத்து, இறந்தவரின் பெயரையும் திதியையும் கேட்டார். மருமகன் பெயரைச் சொன்னான். திதி அவனுக்கு நினைவில்லை.

“மாமா, அம்மம்மா எந்தத் திதியில?”

“அபரபக்கச் சப்தமி” என்றேன்.

குருக்களுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும் அவர் மந்திரத்தைத் தொடரவில்லை. மருமகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளி வைத்தவரின் வாயிலிருந்து வர வேண்டும்.

“அபரபக்கச் சப்தமி” என்றான் மருமகன்.